நம்பிச் சொன்னதைக் காப்போம்

எச்.ஐ.வி. உள்ளவரை இன்றைக்குக் கிருமியைவிட அதிகம் வாட்டுவது, அதை ஒளித்து வைக்கிற பாடுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குள்ளேயே நரைத்துப்போனவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தபோது, கைகொடுக்க மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டு, கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாகக்கூட மற்றவருக்குத் தொற்றாது. கூடச் சாப்பிடுவதாலோ ஒரே ரூமில் படுப்பதாலோ எப்போதுமே தொற்றியதில்லை.

ஆனால் தவறாமல் சாப்பிட வேண்டுமே! திருப்பூர் பிழைக்க வந்தவர்களின் ஊர். ஒரு ரூமில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். டப்பாவைப் பார்த்து “என்ன மாத்திரைடா?” என்று ஒருவன் கேட்டுவிட்டால் போச்சு. அந்தப் பயத்தில் மாத்திரை சாப்பிடுபவர் ஒருநாள் விடுவார், பிறகு இரண்டு நாள். ஒன்றரை ஷிப்ட் அலுப்போடு தூக்கமில்லாத இரவும் சேர்ந்தால் ‘எதுக்கு இந்த உசுரு’ என்று தோன்றிவிடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது. மனசு சாயும்போது மருந்தும் சாய்வது இப்படித்தான்.

2003 வாக்கில் எங்கு பார்த்தாலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரம். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. வந்தவர் மறுநாள் எப்படி வேலைக்குப் போவார் என்ற பேச்சே எழவில்லை. பாதிக்கப்பட்டவர்களோ அதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா 1998-லேயே எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைத் தோழிகளோடு சேர்ந்து தொடங்கிவிட்டார்.

யாராவது தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை உங்களிடம் மனம்விட்டுச் சொன்னால், “எப்படி வந்துச்சு?” என்று கேட்காதீர்கள், அது விசாரணையாகிவிடும். “சாப்பிட்டியா கண்ணு, மாத்திரை போட்டியா?” போதும். கேட்டதை வீட்டுக்காரம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள். நம்பிச் சொன்னதைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் வந்த சட்டமே சொல்கிறது, எச்.ஐ.வி. இருப்பதை மட்டும் காரணம் காட்டி வேலையைவிட்டு நிறுத்தவும் கூடாது. ஆள் பேச்சுக் குறைந்து ஒதுங்கினால், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் கூடவே போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அது துணைதான். நேரில் போகக் கூச்சப்பட்டால் 1097 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணமில்லை.

சூப்பர்வைசர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரை வாங்கப் போகிற நாளில் பீஸ்ரேட்காரருக்கு அன்றைய கூலி போகிறது. அதற்குமேல் நாலு பேர் முன்னால் காரணமும் கேட்டால், அடுத்த தடவை அவர் போகமாட்டார். கேட்காமல் லீவு கொடுங்கள். சனிக்கிழமை சம்பளம் போடும்போது அதைக் குத்திக்காட்டாதீர்கள்.