பத்து இன்ச் சக்கரமும் நூற்றைம்பது ரூபாயும்

"டயர் மாத்துறதுக்கு மட்டும் நூத்தம்பதா?"

மதுரை ஒத்தக்கடையில் ஒரு பஞ்சர் கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி காதில் விழாமல் பொழுது போகாது. கேட்பவர் பெரும்பாலும் ஸ்கூட்டர்காரர். கையில் ஆன்லைனில் வாங்கிய புது டயர் இருக்கும், சுற்றிய பிளாஸ்டிக் பட்டைகூடப் பிரிந்திருக்காது. டயருக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தவருக்கு மாட்டுகிற கூலியில் ஐம்பதைக் குறைத்துவிட்டால் மனசு ஆறும். "ரெண்டு லிவர் இருந்தா நானே வீட்டுல மாட்டிருவேன்" என்றும் சிலர் சொல்வார்கள். சின்ன டயரை வீட்டிலேயே மாட்டலாமா, மாட்டினால் உண்மையிலேயே காசு மிஞ்சுமா என்று பார்க்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்தவர். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்களில் மலையாளிகள் ஏராளம். இவருக்கும் ஊரில் பெயர் 'சேட்டா'தான். தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, சுவரெல்லாம் தொங்கும் பழைய டியூப்கள். இதே ரோட்டில் மேலூர் பக்கம் இன்னும் கொஞ்சம் போனால் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் தொழிற்சாலை. இந்தியா முழுக்க ஓடும் டூவீலர்களுக்கு அங்கிருந்து டயர் போகிறது. அவ்வளவு மெஷினும் சேர்ந்து செய்த டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு இங்கே இருப்பது இரண்டு இரும்பு லிவரும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும்தான்.

சின்ன டயர் சுலபம் என்று நாம் நினைக்கிறோம். சேட்டா அதை ஒத்துக்கொள்வதே இல்லை. "புல்லட் டயர் மாட்டுறது ஈசி சார். இதுதான் கையை ஒடிக்கும்" என்று ஒரு ஆக்டிவா பின்சக்கரத்தைத் தட்டிக் காட்டினார். டயரின் பக்கவாட்டில் 90/100-10 என்று இருந்தது. கடைசியில் உள்ள பத்து, ரிம்மின் விட்டம் பத்து இன்ச் என்பதைச் சொல்கிறது. டயரின் உள்விளிம்பில், இவர்கள் பீடிங் என்று சொல்லும் இடத்தில், உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறது. ரப்பர் இழுத்தால் வரும், கம்பி வராது. ரிம்மின் விளிம்போ அந்தக் கம்பி வளையத்தைவிடப் பெரியது. சின்ன வளையத்தைப் பெரிய விளிம்பின் மேல் தாண்டவைக்க ஒரே வழிதான். ரிம்மின் நடுவில் சுற்றிவர ஒரு பள்ளம் இருக்கும். ஒரு பக்கம் பீடிங்கை அந்தப் பள்ளத்தில் அமுக்கினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், அந்தத் தளர்வுக்குள் லிவரைப் போட்டுத் தாண்டவைக்க வேண்டும். பதினேழு, பதினெட்டு இன்ச் பைக் சக்கரத்தில் லிவர் போட்டு விளையாட இடம் உண்டு. பத்து இன்ச்சில் சுற்றளவும் குறைவு, டயரின் சுவர் குட்டையாக, விறைப்பாக இருக்கும். பள்ளத்தை விட்டுப் பீடிங் ஒரு விரல் அளவு நழுவினாலும் எவ்வளவு பலம் கொடுத்தாலும் டயர் அசையாது.

அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் சைலன்சரைக் கழற்றினார். ஆக்டிவாவில் பின்சக்கரம் வெளியே வர அது வழிவிட வேண்டும். அப்புறம் அச்சு நட்டு. பல வருடம் இறுகிக் கிடந்த நட்டு, ஸ்பேனரில் பைப்பைக் கோத்து மிதித்த பிறகுதான் 'கிரீச்' என்று விட்டது. வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுசாக இறக்கினார். பழைய டயர் ரிம்மோடு ஒட்டிப்போயிருந்தது. தூணின் அடியில் கீல் வைத்து மாட்டிய நீள இரும்புக் கம்பியின் கீழ் சக்கரத்தைச் செருகி, கம்பியின் நுனியில் ஏறி நின்றார். பீடிங் 'டொப்' என்று உள்ளே விழுந்தது.

வெறும் ரிம் வெளியே வந்ததும் நான் எதிர்பார்க்காத ஒரு வேலை நடந்தது. சேட்டா ரிம்மின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். துருவும் காய்ந்த பழைய ரப்பரும் பொருக்காக ஒட்டியிருந்தன. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எமரித் தாள் பிடித்து, துணியால் துடைத்து, மறுபடி தடவிப் பார்த்தார். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது ரிம்மோடு பீடிங் ஒட்டும் அந்த ஓரம்தான். அங்கே பொருக்கு இருந்தால் புது டயரிலும் இரண்டு நாளுக்கு ஒருதடவை காற்று இறங்கும், வண்டிக்காரர் டயர் கம்பெனியைத் திட்டுவார். பழைய வால்வையும் அறுத்து எறிந்துவிட்டுப் புது வால்வை இழுத்து மாட்டினார். அந்த வால்வுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

புது டயரில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி உண்டு. ஒரு மஞ்சள் புள்ளியும் உண்டு, டயரின் எடை குறைந்த இடம் அது. அதை வால்வுக்கு நேராக வைத்தார். சோப்புத் தண்ணீரை இரண்டு பீடிங்கிலும் தடவினார். முதல் பீடிங் காலால் அமுக்கியதும் இறங்கிவிட்டது. இரண்டாவதுதான் பாடு. ஒரு முழங்காலை டயரின் மேல் அழுத்தி, எதிர்ப்பக்கத்தில் லிவரைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். கடைசி நான்கு விரற்கடை வந்தபோது லிவரை விட்டுவிட்டு முழங்காலை இன்னும் இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான், பீடிங் தானே உள்ளே போனது. பலம் முழுக்க முழங்காலில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நாம் வீட்டில் மாட்டினால் அந்த நேரத்தில் லிவரை இன்னும் ஓங்கி அழுத்துவோம், பீடிங் கிழியும்.

கம்ப்ரசர் குழாயை வைத்ததும் 'டப்', சற்று இடைவெளி விட்டு இன்னொரு 'டப்'. இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டன. ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிவரும். அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, வால்வில் சோப்பு நுரை வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்து, 29 வைத்துக் காற்றைச் சரிசெய்தார். "பின்னாடி ஆள் ஏறுவாங்களா சார்? அப்ப 36 வச்சுக்குங்க" என்றார். இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் நூற்றைம்பது. சைலன்சரைத் திரும்ப மாட்டியதும் அதற்குள் அடக்கம்.

இந்த வேலை எப்போதுமே கடைக்குரியதாக இருந்ததில்லை. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக் ஞாபகம் இருப்பவர்களுக்கு அதன் ரிம் ஞாபகம் இருக்கும். இரண்டு பாதியாகப் பிரியும் ரிம், நடுவில் நட்டு போட்டு இணைத்திருப்பார்கள். நட்டைக் கழற்றினால் ரிம் இரண்டாகப் பிரிந்து டயரும் டியூபும் கையோடு வந்துவிடும். லிவரே வேண்டாம். ஒரு ஸ்பேனரும் பொறுமையும் உள்ள எந்தக் குடும்பத் தலைவரும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து செய்துவிடுவார். வண்டியோடு ஸ்டெப்னி வேறு இருந்தது, அது முன்னுக்கும் பின்னுக்கும் பொருந்தும். ஆட்டோவில் இன்றும் அதே ஏற்பாடுதான். 4.00-8 அளவு டயர், பிரியும் ரிம், கூடவே ஸ்டெப்னி. டீ குடிக்க வந்த ஓர் ஆட்டோ டிரைவரிடம் கேட்டேன்.

"நாங்க எதுக்குண்ணே கடைக்கு வரணும்? ஸ்டெப்னி மாத்தவே பத்து நிமிசம்தான். டயரும் நம்மளே போட்டுருவோம். ஆனா ஒண்ணு, காத்தை எறக்காம ரிம்மு நட்டுல கை வச்சுறக் கூடாது. எங்க ஸ்டாண்டுல ஒருத்தருக்குத் தாடையைப் பேத்துருச்சு."

இதை அவர் சொன்ன அழுத்தத்தோடு எல்லாருக்கும் சொல்ல வேண்டும். சக்கரத்தை டிரம்மில் பிடித்திருக்கும் நட்டு வேறு, ரிம்மின் இரு பாதிகளைப் பிடித்திருக்கும் நட்டு வேறு. காற்றோடு இருக்கும் சக்கரத்தில் இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் பாதி முகத்துக்கு நேராகப் பாயும். பிரியும் ரிம் வீட்டில் செய்யத் தோதானது, ஆனால் காற்றை முழுக்க இறக்கி வால்வு பின்னையும் கழற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வந்து, ஸ்டெப்னி போய், ஒரே துண்டான ரிம்மும் டியூப்லெஸ் டயரும் வந்தபிறகு வாசலில் செய்த வேலை கடைக்கு வந்துவிட்டது. எனவே வீட்டிலேயே மாட்டலாமா என்ற கேள்விக்குப் பதில் நம் திறமையைவிட நம் ரிம்மைப் பொறுத்தது.

ஸ்கூட்டருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல லிவர் ஒரு ஜோடி, ரிம் கீறாமல் இருக்க உறை, அச்சு நட்டுக்குச் சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும், வால்வு பின் கழற்றும் சாவி, கால் பம்பு எல்லாம் சேர்த்து மதுரைக் கடைகளில் விசாரித்ததில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையவில்லை. கால் பம்பால் டியூப்லெஸ் பீடிங்கை உட்காரவைப்பது பெரும்பாடு. அதற்கு ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். டயரைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்கி, பீடிங்கை வெளிப்பக்கம் தள்ளவைத்து அடிப்பார்கள், அப்படியும் பலதடவை கடைக்குத்தான் உருட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இனி வரவைப் பாருங்கள். தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்குப் பின் டயர் இரண்டரை வருடத்துக்கு ஒன்று, முன் டயர் அதைவிடத் தாமதமாக. ஆர்.சி.யின் பதினைந்து வருடத்தில் எல்லாம் சேர்த்து ஒன்பது அல்லது பத்துத் தடவை மாற்றலாம். தடவைக்கு நூற்றைம்பது மிச்சம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு. கருவிக்குப் போட்ட காசு திரும்புவதற்குள் வண்டியின் ஆயுள் முடிந்துவிடும். ஒரே ஒரு பீடிங் கிழிந்தால் அந்த மிச்சமும் போய்விடும்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு இதே கணக்கு தலைகீழ். பதினாறு இன்ச் சக்கரம், ஒல்லி டயர், உள்ளே டியூப். யானைமலை அடிவாரத்தில் தண்ணீர் கேன் போடும் ஒருவர் மூன்று எக்ஸ்எல் வைத்திருக்கிறார். பாரமும் கப்பி ரோடும் சேர்ந்து மாதத்துக்கு ஏதாவது ஒரு வண்டியில் பஞ்சர். அவர் லிவர் வாங்கிய செலவை முதல் வருடத்திலேயே எடுத்துவிட்டார். அவர் சொன்ன இரண்டு விஷயம் அப்படியே பயன்படும். ஸ்குரூ டிரைவரை லிவராகப் பயன்படுத்தினால் டியூபைக் கடித்துவிடும், பழைய ஓட்டையை அடைத்து இரண்டு புது ஓட்டை வாங்குவீர்கள். டியூபை உள்ளே வைக்கும்முன் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்தால் அது மடியாது, லிவருக்கு நடுவிலும் சிக்காது.

ஆக, ஸ்கூட்டர்காரர் கடைக்குத்தான் வர வேண்டும். வந்தவர் பேரம் பேசுகிறார். எனக்கு மனசு கொதிக்கிறது அங்கேதான். சேட்டாவின் பிழைப்பு முன்பு மூன்று காலில் நின்றது. டியூப் பஞ்சர், டயர் விற்பனை, டயர் மாட்டும் கூலி. டியூப்லெஸ் வந்தபின் ஆணியைப் பிடுங்கிக் குச்சி சொருகும் கிட்டைப் பலரும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான், ராத்திரியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பெண்களுக்கு அந்தக் கிட் பெரிய நிம்மதி. டயர் விற்பனையை ஆன்லைன் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது மாட்டும் கூலி மட்டும். கம்ப்ரசருக்குக் கரண்டு, இடத்துக்கு வாடகை, உதவிக்கு நிற்கும் பையனுக்குச் சம்பளம் எல்லாம் அந்த நூற்றைம்பதிலிருந்துதான் வர வேண்டும். ஒரு பின் டயருக்கு அரைமணிக்குமேல் ஆகிறது. அதே வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டால் லேபர் சார்ஜ் என்று பில்லில் வருவதை வாய் திறக்காமல் கட்டிவிட்டு வருகிறோம். பில் அடிக்காத கையோடு மட்டும் ஏன் பேரம்?

அண்மையில் சேட்டா கம்ப்ரசருக்கு மேலே ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார். கடையில் வாங்கும் டயருக்கு மாட்டுக்கூலி நூறு, வெளியில் வாங்கிவரும் டயருக்கு இருநூறு. அதைப் படித்துவிட்டு ஒருவர் முனகிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அடுத்து வந்தவர் மாட்டிக்கொண்டு போனார். இருநூறு நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், இருநூற்றைம்பது கேட்டாலும் கொடுக்கலாம். வெளி டயரோ கடை டயரோ, மாட்டிய ஒரு வாரத்துக்குள் காற்று இறங்கினால் காசு வாங்காமல் பிரித்துப் பார்க்கிறார் அவர்.