திங்கட்கிழமைப் பிழை

அந்தப் பிழை திங்கட்கிழமைகளில் மட்டும்தான் வந்தது. மூன்றாவது தடவைதான் எங்களுக்கு அது பிடிபட்டது. அதற்குள் செய்யக்கூடாத வேலையெல்லாம் செய்து முடித்திருந்தோம்.

ஊரில் வயது போன ஆக்களைக் கதைக்க வைத்து ஒலிப்பதிவு செய்து சேர்த்து வைக்கிறது எங்கட வேலை. சேர்த்து வைத்த இடம் ஒரு வெளி ஹாட் டிஸ்க். விண்டோஸ் பாவிக்கிறவர்களுக்கும் வேணும் என்பதால் அது என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தது. அதற்குள் ஒரு பெரிய கோப்பு, அந்தக் கோப்புக்குள்தான் பதிவுகள். ஒரு கோப்பை டிஸ்க் போல நடிக்க வைக்கிற வேலையை லினக்ஸில் லூப் என்ற ட்ரைவர் செய்கிறது. பெட்டிக்குள் பெட்டி மாதிரி.

ஒரு நாள் காலை லொக்கைப் பார்த்தால் 'ஐ/ஓ எரர், லூப்0' என்று வரிசையாக விழுந்து கிடக்குது. அதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: டிஸ்க் சாகப்போகுது. பதிவு தந்தவர்களில் இரண்டு பேர் அதற்கு முன்னரே தவறிவிட்டார்கள். திரும்பப் போய்க் கேட்க ஏலாது.

பழி எங்களில் ஒருவன் தலையில் விழுந்தது. கடைசியாக டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோனவன் அவன்தான். "நீ ஒழுங்காக் கழட்டாமல் வயரை இழுத்திருப்பாய்." "இல்லையடா, சத்தியமா வடிவாத்தான் கழட்டினனான்." ஒருத்தரும் நம்பேல்லை. அவன் கூட்டங்களுக்கு வராமல் விட்டான். நாங்கள் வயரை மாற்றினோம், காசு சேர்த்துப் புது டிஸ்க் வாங்கினோம், எல்லாவற்றையும் கொப்பி பண்ணினோம். ஒரு பதிவுகூடப் பழுதாகாமல் திறந்தது. அப்போதே யோசித்திருக்க வேணும். யோசிக்கேல்லை. அடுத்த திங்கள் புது டிஸ்க்கிலும் அதே எரர். அதற்கடுத்த திங்களும்.

திங்கட்கிழமை அப்படி என்ன நடக்குது? தேடினால், கிழமைக்கொரு தடவை 'எஃப்எஸ்ட்ரிம்' என்ற கட்டளை தானாக ஓடுகிறது. திங்கள் பிறக்கிற நள்ளிரவில். கணினி அந்நேரம் நித்திரை என்றால், திறந்த பிறகு. அது டிஸ்க்கிடம் "இந்த இந்த இடங்கள் இப்ப எனக்குத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லும். எங்கட பதிவுகளைத் தொடாது. கையால் ஓட்டிப் பார்த்தோம். உடனே எரர்.

பிறகு லூப் ட்ரைவரின் மூலநிரலைத் திறந்தோம். ஒரே ஒரு சி கோப்புத்தான், வாசிக்கலாம். மேலேயிருந்து 'இந்த இடம் தேவையில்லை' என்று வந்தால், கீழே இருக்கிற கோப்பில் ஓட்டை போடச் சொல்லி லூப் கேட்கும். எங்கட என்.டி.எஃப்.எஸ். டிஸ்க், ஃபியூஸ் வழியாக ஏற்றப்பட்டது. ஃபியூஸில் எல்லாரிடமும் அந்தக் கதவு இருக்கிற மாதிரித்தான் தெரியும். உள்ளுக்குள் ஆள் இருக்கிறாரா என்பது தட்டினால்தான் தெரியும். ஆள் இல்லை. ஆகவே 95ஆம் இலக்கப் பிழை திரும்பி வந்தது. "நீ கேட்கிறது விளங்குது, ஆனால் அந்த வேலை எனக்குத் தெரியாது" என்று அதற்கு அர்த்தம்.

ஓட்டை போடுகிற செயற்கூறு இந்த 95ஐக் கவனமாகக் காப்பாற்றி மேலே அனுப்புகிறது. அதற்கென்றே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அதைக் கூப்பிட்ட செயற்கூறோ, 0 இல்லாட்டி எல்லாம் 5 என்று அடித்துவிடுகிறது. 5 என்றால் ஐ/ஓ எரர். தெரியாது என்று சொன்னவனைச் சாகப்போகிறான் என்று அறிவித்த கதை. அந்த 95 அப்படியே மேலே போயிருந்தால், கேர்னலின் அடுத்த அடுக்கு "அது வெறும் யோசனைதானே, பரவாயில்லை" என்று 0 ஆக்கி விட்டிருக்கும். அதற்கும் அங்கே நிரல் இருக்கிறது.

95 என்றால் விட்டுவிடு, மற்றதெல்லாம் 5 ஆகட்டும் என்று திருத்தினோம். எங்கட பழைய மடிக்கணினியில் கேர்னலைக் கட்ட ஒரு இரவு முழுக்கப் போனது. விடியப் பார்த்தால் அதே எரர்! வேலை முடிந்ததை அறிவிக்கிற இன்னொரு செயற்கூறிலும் இதே பழக்கம்: பூச்சியத்துக்குக் கீழே எது வந்தாலும் ஐ/ஓ எரர். பிழை இலக்கத்தைச் சரியான நிலையாக மாற்றித் தர கேர்னலிலேயே ஒரு செயற்கூறு இருந்தது. அதை அங்கே போட்டோம். இன்னுமொரு இரவு. அடுத்த திங்கள் லொக்கில் ஐ/ஓ எரர் விழேல்லை.

பெரிய ஆக்கள் மாதிரி இரண்டு நாள் திரிந்தோம். பிறகு புதிய கேர்னலின் நிரலைப் பார்த்தால், அதே இரண்டு இடங்களிலும் அதே திருத்தம். 2020இலேயே செய்துவிட்டார்கள். நாங்கள்தான் பழசை வைத்துக்கொண்டு மாரடித்திருக்கிறோம்.

எங்கட திருத்தத்தில் ஒரு குறை கிடக்குது. கீழே டிஸ்க் நிரம்பினால் வருகிற 28ஆம் இலக்கமும் இன்னும் 5 ஆகத்தான் மேலே போகிறது. இடம் இல்லை என்பதும் டிஸ்க் பழுது என்பதும் ஒன்றில்லை. இதுவும் பிழை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அதை மாற்றினால் மேலே இருக்கிற கோப்பு முறைமைகள் எப்படி நடக்கும் என்று எங்களுக்கு வடிவாகத் தெரியாது. தொடாமல் விட்டோம்.

அவன்ர வீட்டுக்கு எல்லாருமாகப் போனோம். மன்னிப்புக் கேட்கிறதுக்குப் பதிலாக 95, 5 என்று விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தோம். அவன்ர அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. எல்லாம் கேட்டு முடிய அவன் ஒன்றுதான் கேட்டான்:

"அப்ப அந்தப் பழைய டிஸ்க்கில ஒரு பழுதும் இல்லை?"

"இல்லை."

"அதை இஞ்ச தாங்கோ. ரெண்டாவது கொப்பி என்னட்ட இருக்கட்டும்."