மூன்று கிளிக்

அப்பாவின் சாகா காடியில் ஒரு கல் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பழைய நாளிதழில் சுற்றி வைத்திருப்பார். எங்கள் வீடு சிரம்பானில் ஒரு மேட்டுத் தாமானில் இருக்கிறது. போர்ச்சில் நிறுத்தினால்கூட காடி பின்பக்கம் சரியப் பார்க்கும். அதனால் இன்ஜினை அணைத்ததும் யாராவது இறங்கி பின் டயருக்குக் கல் வைக்க வேண்டும். அனேகமாக அம்மா. நான் வீட்டுக்குப் போகும் நாள்களில் நான்.

"ஹேன்ட் பிரேக் பிடிக்கலடா. பழைய காடி, அப்படித்தான்" என்பார் அப்பா. நானும் நம்பினேன். 1985இல் வெளிவந்த மாடல் அது. அதன் முதல் காடியே தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எங்கள் காடி அதற்குச் சில ஆண்டுகள் இளையது, அவ்வளவுதான். இந்த வயதில் பிடிக்காதது எவ்வளவோ இருக்கும்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் கல் வைக்க மறந்துவிட்டார்கள். காடி தானாகவே நகர்ந்து, கேட்டைத் தாண்டி, எதிர்வீட்டுக் கால்வாயில் பின் டயரை இறக்கி நின்றது. அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் அக்காள் மகள் அங்கே உட்கார்ந்து கோலப்பொடியைக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவைக் கத்திவிட்டேன். எல்லார் முன்னாலும். அதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. "இதை இரும்புக் கடையில போட்டுறலாம்" என்று சொன்னதுதான் அவரை அதிகம் வருத்தியிருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

விடுமுறை முடிந்ததும் நானே காடியை ஃபோர்மேனிடம் எடுத்துப் போனேன். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கமுள்ள சீனர். டயரைக் கழற்றி, டிரம்மை ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். வரவில்லை. தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரம்பு கட்டிக்கொள்ளும். பிரேக் ஷூக்கள் அதில் மாட்டிக்கொண்டு விடாது. கொஞ்ச நேரப் போராட்டத்துக்குப் பிறகு வந்தது. உள்ளே கறுப்புத் தூள். நான் வாயால் ஊதப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஊதவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது என்றார். தண்ணீரில் நனைத்துத்தான் துடைத்தார்.

டிரம் பிரேக்கைத் திறந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். நடுவில் ஒரு சின்ன பம்ப். காலால் மிதித்தால் பிரேக் எண்ணெய் அந்தப் பம்ப் வழியாக ஷூக்களை வெளியே தள்ளும். அவை சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரசும். விட்டதும் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சுழலும் டிரம்மே முன்னால் உள்ள ஷூவைப் பிடித்துத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிவிடும் என்பது. நிறுத்த வேண்டிய பொருளே நிறுத்துவதற்கு உதவி செய்கிறது. ஹேன்ட் பிரேக்குக்கு எண்ணெய் கிடையாது. வெறும் கேபிள்தான். அது ஒரு சிறு நெம்புகோலை இழுக்க, அதே ஷூக்கள் விரியும்.

எங்கள் காடியில் ஷூக்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. லைனிங் மிக மெலிந்திருந்தது. இடப்பக்கம் பம்ப் ரப்பர் கசிந்து எண்ணெய் வேறு பட்டிருந்தது. எண்ணெய் குடித்த ஷூவைத் துடைத்து மாட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும். சரி, இதெல்லாம் வயதுதான் என்று நினைத்தேன். ஃபோர்மேன் உள்ளே போய் லீவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கேபல் தெர்லாலு கெதாட். சியாப்பா புவாட்?"

கேபிள் ரொம்ப இறுக்கம், யார் செய்தது என்கிறார். நட்டைச் சுற்றி மரை கிட்டத்தட்ட முடியும் அளவுக்கு முறுக்கியிருந்தது. ஷூ தேயத் தேய இடைவெளியைக் குறைக்க டிரம்முக்குள்ளேயே ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கேபிளைத் தொடுவது அதற்குப் பிறகுதான். அதை விட்டுவிட்டு கேபிளை முறுக்கினால் உள்ளே நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாது. அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. லீவரை இறக்கிய பிறகும் ஷூ உரசிக்கொண்டே ஓடும். சூடேறும். சூட்டில் பளபளக்கும். பளபளத்தால் பிடிக்காது. பிடிக்காததால் மறுபடி முறுக்கு.

நான் தெரியாது என்று தலையாட்டினேன். ஆனால் லீவர் மூடிக்கு அடியிலேயே ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. அதன் கைப்பிடியில் சிவப்பு டேப். அப்பா தன் சாமான்கள் எல்லாவற்றிலும் சுற்றும் டேப்.

2018இல் அப்பாவுக்கு லேசாக ஒரு பக்கவாதம் வந்தது. இடது கை. ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். சட்டைப் பொத்தான் போட்டார், சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தார், நாங்களும் நம்பினோம். நம் நாட்டுக் காடியில் ஹேன்ட் பிரேக் இடது கைப் பக்கம். ஐந்து, ஆறு கிளிக் வரை தூக்க அவர் கையால் முடியவில்லை. அதனால் மூன்றே கிளிக்கில் இறுகும்படி கேபிளை முறுக்கியிருக்கிறார். ஷூ தேய்ந்ததும் இன்னும் கொஞ்சம். எத்தனை தடவையோ. மரை தீரப் போகும்போதுதான் கல் வந்திருக்க வேண்டும்.

புது ஷூ, புது பம்ப், எண்ணெய் மாற்றி, காற்றெடுத்து, அட்ஜஸ்டரை வைத்து, கேபிளைத் தளர்த்தி, ஆறு கிளிக்குக்கு வைத்துக் கொடுத்தார். வரும் வழியில் காடி அப்படி வழுக்கிக்கொண்டு ஓடியது. இத்தனை வருடம் அது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓடியது போலத்தான்.

வீட்டில் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பேனரைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். டாக்டரிடம் மறுபடி காட்டலாம், கையைச் சோதிக்காமல் இனி ஓட்ட வேண்டாம் என்றெல்லாம். எழுந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"எத்தன?"

"ஆறு."

இடது கையால் இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அங்கேயே நின்றது. நான் வேறு பக்கம் பார்ப்பது போல எதிர்வீட்டைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரும்பியபோது வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, இரண்டு கையாலும் லீவரைப் பிடித்திருந்தார். நான்கு. ஐந்து. ஆறு.

"காது சரியா கேக்குதா ஒனக்கு?" என்றார்.

"கேக்குதுப்பா. ஆறுதான்."

இறங்கி, பின்கதவைத் திறந்து கல்லை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதை டயருக்கு அடியில் வைத்தேன். டாக்டர் விஷயத்தைச் சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம் என்று உள்ளே போனோம்.