பளபளக்கும் முனையும் பாழ்பட்ட குழாயும்

போலாரத்தில் மார்கழிக் காலைகள் குளிர் மிகுந்தவை. ராஷ்டிரபதி நிலயத்துப் பக்கம் மரங்களின்மீது பனி இறங்கியிருக்கும் வேளையில் காரைக் கிளப்பினால், பின்புறக் குழாயிலிருந்து வெண்மையான ஆவி எழும். சில துளி நீரும் சொட்டும். அந்நீரைப் பல நாள் கண்டும் அதன் பொருளை நாங்கள் அறியாதிருந்தோம். அவ்வறியாமைக்கு நாங்கள் கொடுக்க நேர்ந்திருக்கக்கூடிய விலை சிறிதன்று. கார் வைத்திருக்கும் நம் சங்கத்துக் குடும்பங்கட்கு அதனை எடுத்துரைப்பது கடமையெனக் கருதியே இதனை எழுதலானோம்.

எங்களுடையது பழைய பெட்ரோல் கார். பொங்கலுக்குச் சென்னை செல்லுமுன் அதனைச் சற்று அழகுபடுத்த விரும்பினோம். வெளியூரில் வாழ்வோர்க்கு இவ்வாசை இயல்பே. உற்றார் முன் குறைவின்றி வாழ்வதாகக் காட்டிக்கொள்ள யாருக்குத்தான் விருப்பமிராது? ஒரு கடையில், புகைக்குழாயின் கடைசியில் மாட்டும் பளபளப்பான முனை ஒன்றை வாங்கினோம். மூன்று ஸ்குருக்களால் அதனை அங்கேயே இறுக்கித் தந்தனர். சைலன்ஸரின் அடியில் நீர் கசிந்த ஒரு சிறு துளையையும், “ஓட்டை விழுந்திருக்கிறது” என்று கூறிப் பசை வைத்து அடைத்தனர். நாங்களும் மகிழ்ந்து பணம் கொடுத்து வந்தோம்.

அந்தப் பொங்கல் இனிதே கழிந்தது. பிறகு ஓராண்டு முழுதும் அந்தக் கார் பள்ளிக்கும் கடைத்தெருவுக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. மறு பொங்கலுக்கு மீண்டும் புறப்பட்டோம். ஓங்கோலைக் கடந்தபின், பின்னிருக்கையில் இருந்த எங்கள் இளைய மகள் தலை வலிக்கிறது என்றாள், சற்றைக்கெல்லாம் குமட்டியது. பாட்டி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். வண்டியை விட்டு இறங்கினால் குழந்தை தெளிவாள். ஏறினால் மீண்டும் வாடுவாள். பாட்டிக்கும் தலை கனத்தது. பயணக் களைப்பென்றே எண்ணினோம்.

நெல்லூருக்கு அருகே, சாலையோரப் பட்டறை ஒன்றில் காற்று நிரப்ப நின்றோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் தமிழ் அறிந்தவர். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். வண்டியின் ஓசையைக் கேட்டார். பிறகு கீழே படுத்துத் திருப்புளியால் சைலன்ஸரை அழுத்தினார். பொரித்த அப்பளம்போல் தகடு நொறுங்கித் திருப்புளி உள்ளே போய்விட்டது. “குழந்தைக்குப் பித்தமில்லை ஐயா, வண்டிக்குத்தான் நோய்” என்றார் அவர்.

வெளியே போகவேண்டிய புகை, வண்டியின் அடியில் பரவி, பின்கதவின் தேய்ந்த ரப்பர்ப் பட்டை வழியாக உள்ளே புகுந்திருந்தது. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியில் பிராணவாயு ஏறவொட்டாது தடுக்கும். மிகுந்தால் உயிரையே போக்கும். அன்று மாலை சைலன்ஸரையும் பட்டையையும் மாற்றும்வரை நாங்கள் அவ்விடம் விட்டு அகலவில்லை.

அந்த முதியவர் சொல்லியும், பின்னர் படித்தும் நாங்கள் அறிந்தவை இவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் சூடேறி, நீர் முழுதும் ஆவியாக வெளியேறும். சிறு தூரமே ஓடினால் குளிர்ந்த குழாயினுள் அது நீராகவே தங்கும். புகையிலுள்ள வாயுக்கள் கரைவதால் சிறிது அமிலத் தன்மையும் பெறும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டு எரிபொருளில் கந்தகத்தைப் பத்து இலட்சத்துக்கு 10 பங்காகக் குறைத்திருக்கின்றனர். அது நன்மையே; எனினும் நீர் குறையவில்லை. அந்நீர் வடிவதற்காகவே பல சைலன்ஸர்களில் அடியில் ஒரு துளை வைக்கிறார்கள். நோய் என்று நாங்கள் அடைத்தது மருந்தைத்தான்!

முனையும் தன் பங்குக்குக் கெடுதி செய்தது. அதற்கும் குழாய்க்கும் இடையிலிருந்த இடுக்கில் நீர் தேங்கிற்று. ஸ்குரு துளைத்த இடங்களில் துரு வேரூன்றிற்று. டில்லியின் இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்கிறது. பாஸ்பரஸ் மிகுந்த அவ்விரும்பு தனக்கென ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொண்டது. நனைந்தாலும் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்துவிடுகிறது. எங்கள் குழாயின் இடுக்கோ உலரவேயில்லை.

ஆகையால் முனை மாட்ட விரும்புவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். முலாம் பூசிய இரும்பை விலக்கி, நல்ல எவர்சில்வரால் ஆனதையே வாங்குக. எவர்சில்வரைக் காப்பது அதிலுள்ள குரோமியம்; உயர்ந்த வகையில் அது நூற்றுக்குப் 18 பங்கு இருக்கும். குழாய் ஆறியிருக்கும்போது வெளிவிட்டத்தை அளந்து, துருவைச் சுரண்டி, உலர்த்தி, வெப்பம் தாங்கும் வண்ணம் பூசிய பின்னரே மாட்டவேண்டும். துளையிடாமல், எவர்சில்வர் கிளாம்பினால் இறுக்குவது நன்று. முனை வெளிப்புறமாகச் சற்றுத் தாழ்ந்திருந்தால் நீர் தங்காது. பம்பரில் உரசவும் கூடாது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கழற்றித் துடைக்கவேண்டும். வாரம் ஒரு முறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து வண்டியை ஓட்டவேண்டும். சென்னையின் உப்புக்காற்றில் சில நாள் நின்ற வண்டியை, திரும்பியதும் அடிப்புறம் நல்ல நீரால் கழுவி, பிறகு ஓட்டி உலர்த்துவது அவசியம். யாவற்றுக்கும் மேலாக, வண்டியில் ஏறினால் தலைவலியும் இறங்கினால் தெளிவும் காணுமாயின், உடனே நிறுத்தி எல்லோரும் வெளியேறவேண்டும். கண்ணாடியைத் திறந்துகொண்டு மேலும் ஓட்டலாம் என்று எண்ணலாகாது.

ஊராருக்குக் காட்டப் பின்புறத்தை மினுக்கினோம். எங்கள் குழந்தை மூச்சுவிடும் காற்றைக் காக்கத் தவறினோம். இன்றும் அம்முனை எங்கள் காரில் இருக்கிறது, முறைப்படி மாட்டப்பெற்று. குளிர்காலைகளில் எங்கள் மகள் குனிந்து சைலன்ஸரின் அடியைப் பார்க்கிறாள். “சொட்டுகிறது அப்பா” என்று அவள் கூறிய பிறகே நாங்கள் புறப்படுகிறோம்.