இரண்டு விரல்

அப்பாவின் 70வது பிறந்தநாளுக்கு ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள ஓர் உயர்தரச் சீன உணவகத்தில் டிம் சம் சாப்பிடலாம் என்று முடிவெடுத்தது நான்தான்.

புறப்படும்போதே, “அப்பா, அங்கே சத்தமாப் பேசக்கூடாது. சாப்ஸ்டிக் பிடிக்க வரலைன்னா கரண்டி கேட்டுக்கலாம்” என்று பாடம் எடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஆவி பறக்கும் மூங்கில் கூடைகள் வந்தன. சியூ மாயில் பன்றி இறைச்சி இருக்கும் என்பதால், அம்மாவுக்கு இறால் வைத்த ஹார் காவ் சொல்லியிருந்தேன். பணிப்பெண் தேநீர் ஊற்றியபோது, அப்பா இரண்டு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினார். அந்தப் பெண் முகம் மலர்ந்து கேண்டனீசில் ஏதோ கேட்க, அப்பாவும் கேண்டனீசிலேயே பதில் சொன்னார்! என் மகள் வாயைப் பிளந்தாள்.

“நன்றின்னு அர்த்தம்மா. துறைமுகத்துல வேலை பார்த்தப்ப, கூட இருந்த சீனக் கூட்டாளிங்க விடியக்காலையிலே யம் சாவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. தேநீர் தீர்ந்துட்டா யாரையும் கூப்பிட வேணாம். கூஜா மூடியைத் திறந்து வச்சாப் போதும், வந்து ஊத்துவாங்க” என்றார் பேத்தியிடம்.

முப்பது ஆண்டுகள் அவர் உழைத்த இடத்தைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கா பாடம் எடுத்தேன்? கூனிக்குறுகிப் போனேன்.

அப்பா என் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். இரண்டு விரல்களால் மேசையைத் தட்டினேன்.

“மெதுவா... சத்தம் போடக்கூடாதுன்னு சொன்னியே” என்றார், சிரித்துக்கொண்டே.