ஏரியின் கணக்கு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலை, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து பள்ளிக்கரணையை அடைகிறது. இப்பகுதியின் மழைநீரும் ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையே சேர்கிறது. 2022ஆம் ஆண்டு ராம்சார் தகுதி பெற்ற நிலம் அது. உழவுக்காக முன்னோர் அமைத்த இவ்வேரிகளைச் சுற்றி இன்று வீடுகள் பெருகிவிட்டன. ஏரியிலிருந்து வயலுக்குப் பாய்ந்த நீர் குறைந்தது. வீட்டிலிருந்து ஏரிக்குப் பாயும் கழிவுநீர் கூடியது.

கழிவுநீர் கலக்கும் ஏரிகளில், கோடைக்கால விடியலில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிப்பதும், பின்னர்ச் செத்து மிதப்பதும் உண்டு. காண்போர் நீரில் நஞ்சு கலந்துவிட்டதாக எண்ணுவர். ஆனால், மீன்கள் மடிவதற்கு நஞ்சு கலந்திருக்க வேண்டுமென்பதில்லை. வேதியியல் பாடத்தில் பயிலும் வினைக்கட்டுப்பாட்டுக் காரணியே இதனை விளக்கிவிடும்.

அக்கருத்து சமையலறைக்குப் புதிதன்று. இட்லி மாவுக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது ஒரு கணக்கு. மூன்று ஆழாக்கு அரிசியும் ஓர் ஆழாக்கு உளுந்தும் இருந்தால், அளவில் மிகுதியான அரிசியே முதலில் தீர்ந்துபோகும், உளுந்தில் எஞ்சும். எது குறைவு என்பதை அளவு மட்டும் சொல்வதில்லை. விகிதமும் சேர்ந்தே சொல்கிறது. வேதிவினைகளில் இவ்விகிதங்களை ஆராய்ந்த செருமானிய அறிஞர் ரிக்டர், 1792இல் இத்துறைக்குப் பெயர் சூட்டினார்.

கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாகக் குளுக்கோசைக் கொள்ளலாம். நுண்ணுயிரிகள் அதனை முழுமையாகச் சிதைக்க, ஒரு மூலக்கூறு குளுக்கோசுக்கு ஆறு மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். அதாவது, 180 கிராமுக்கு 192 கிராம். 30 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் தூய நீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே. அந்நீரில் 10 மில்லிகிராம் குளுக்கோஸ் கலந்தால் என்ன நிகழும்?

மோல் கணக்கில் குளுக்கோஸ் 0.056 மில்லிமோல், ஆக்சிஜன் 0.234 மில்லிமோல். எண்ணிக்கையில் ஆக்சிஜன் நான்கு மடங்குக்கும் மேல். அவசரப்படும் மாணவர் அதுவே மிகுதி என்று எழுதிவிடுவார். ஆனால், தேவைப்படுவதோ ஆறு மடங்கு: 0.333 மில்லிமோல். ஆகவே ஆக்சிஜனே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. ஏறத்தாழ 7 மில்லிகிராம் குளுக்கோஸ் சிதைந்ததும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். 3 மில்லிகிராம் எஞ்சும். விடைத்தாளில் அது வெறும் எச்சம். ஏரியிலோ, மீனுக்கு மூச்சில்லை என்பதே அதன் பொருள். அதன்பின் ஆக்சிஜனின்றி வாழும் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடர, ஹைட்ரஜன் சல்பைடின் அழுகல் நாற்றம் எழுகிறது.

ஏரி மூடிய குடுவையன்று. காற்றிலிருந்து ஆக்சிஜன் மெல்லக் கரைகிறது. பகலில் பாசிகளும் அதனைத் தருகின்றன. இரவில் பாசிகள் சுவாசிக்க மட்டுமே செய்வதால் இருப்பு கரைந்து, விடியலில் மிகவும் தாழ்கிறது. வெப்பம் கூடக்கூட நீர் தாங்கும் ஆக்சிஜனும் குறையும்: 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் நிற்கும். கோடை விடியல் மீன்களுக்குக் கொடிதாவது இதனாலேயே.

பற்றாக்குறையைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் தொட்டிகளில் இடைவிடாது காற்றைச் செலுத்துவது, தீர்ந்துபோகும் வினைபடுபொருளைக் கூட்டும் வழி. கழிவை ஏரிக்குள் விடாமல் தடுப்பது மற்றொன்று. ஒரு கிராம் குளுக்கோஸ் சிதைய, ஏறத்தாழ 140 லிட்டர் நீரின் ஆக்சிஜன் முழுவதும் செலவாகும். எந்த வழி எளிது என்பதை இவ்வோர் எண்ணே உணர்த்திவிடும்.