பரிசலில் ஏறிய காவல்காரன்

மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில், ஒரு சக்கரமும் ஓர் இருக்கையும் கொண்ட பெட்டியைப் பூட்டினால் அதுவே சைடு கார். ஸ்கூட்டரில் இதைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களுடன் பெருநாள் தொழுகைக்குச் சென்ற குடும்பத் தலைவர்களை வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். இப்போது அது அரிதாகிவிட்டது. திருப்பூர் ராயபுரத்தில் என் மைத்துனர் தம் புல்லட்டில் ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறார். அவருடைய பனியன் கம்பெனிக் கிடங்கைக் காக்கும் நாய்தான் அதில் நிரந்தரப் பயணி!

ஒரு ஞாயிறன்று ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் கொடிவேரிக்குப் புறப்பட்டோம். மைத்துனர் ஓட்ட, நான் பின்னால் அமர்ந்தேன். பெட்டியில் அவருடைய பத்து வயது மகன். அவன் காலடியில் நாய். (வீட்டுப் பெண்கள் வரவில்லையா என்று கேட்கும் சகோதரிகளுக்கு: அடுத்த பயணம் அவர்களுடையது, நாய்க்கு அன்று இடமில்லை.)

இந்த வண்டி மற்ற மோட்டார் சைக்கிள்களைப் போலச் சாய்ந்து திரும்பாது. இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் பெட்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். முடுக்கினால் இடப்பக்கமும், பிரேக் பிடித்தால் வலப்பக்கமும் இழுக்கும். ஆதலால் பெருமாநல்லூர், குன்னத்தூர் வழியாக நிதானமாகவே கோபியை அடைந்தோம்.

நாயா என்று முகம் சுளிப்போர் உண்டு. காவலுக்கும் வேட்டைக்கும் கால்நடைகளுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. குகைவாசிகளுடன் இருந்த நாயைத் திருக்குர்ஆனே குறிப்பிடுகிறது. கவனிக்க வேண்டியது சுத்தத்தை. அதற்காக ஆளுக்கு ஒரு மாற்றுடை தனிப் பையில் இருந்தது.

கொடிவேரி அணைக்கட்டு கி.பி. 1125இல் கட்டப்பட்டதெனச் சொல்லப்படுகிறது. பவானி ஆற்றை மறித்து, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்னும் இரு வாய்க்கால்களுக்கு நீரைப் பிரித்துவிடுகிறது. மக்கள் குளிக்கும் பக்கம் நாயைக் கொண்டு செல்வது முறையன்று. ஒதுக்குப்புறமாக ஒரு பரிசல்காரரிடம் பேசினோம்.

"ஏனுங்க பாய், நாயுமுங்களா?" என்றவர், சற்று யோசித்துச் சம்மதித்தார். அதை நடுவில் படுக்க வைத்து, நாங்கள் மிதவைச் சட்டை அணிந்து சுற்றிலும் அமர்ந்தோம். முன்னும் பின்னும் இல்லாத வட்டப் படகு அது. மூங்கில் பின்னலின் அடியில் முன்னாளில் தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். வடதுருவத்து மக்கள் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துக் கட்டிய கயாக் படகும் இதற்கு உறவுதான். வடிவத்தில் மட்டும் அது அம்பு, இது தட்டு. பக்தாதில் டைகிரிஸ் நதியில் 'குஃபா' என்ற வட்டப் படகுகள் நெடுங்காலம் ஓடின. பாபிலோனுக்கு வந்த தோல் படகுகளைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு கழுதை இருக்குமாம். சரக்கை விற்றபின் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதை மேல் ஏற்றி நடந்தே ஊர் திரும்புவார்களாம். எதிர்நீரில் துடுப்புப் போட இயலாதே!

நாய் முதலில் நடுங்கியது. பின்னர் விளிம்பில் தாடையை வைத்து ஆற்று நீரை நக்கிக் குடித்தது. அதைப் பார்த்த சிறுவன் கேட்டான்: "அத்தா, நம்ம நொய்யல்ல ஏன் பரிசல் இல்லே?"

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூரின் நடுவே ஓடுகிறது. பாசனத்துக்கென்று 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாகிப் போனது. விளைநிலம் பாழானதென்று உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்த பின்னரே அவை படிப்படியாகத் திறந்தன. அதனால் பிழைப்பிழந்து நின்ற தொழிலாளர் வீடுகள் எத்தனையோ! அவர்களுடைய துன்பமும் பொய்யன்று. உழவருடைய வழக்கும் பொய்யன்று. எனினும் ஆறு முந்தியது என்பதே என் கருத்து.

மைத்துனர் மகனிடம் எதையும் மறைக்கவில்லை. "நம்ம துணிக்கும் அங்கேதான் சாயம் போட்டாங்க" என்றார்.

கோபிப் பள்ளிவாசலில் உடை மாற்றி, உளூச் செய்து லுஹர் தொழுதோம். நாய் வெளியே வண்டியடியில் உறங்கிற்று. திரும்பும் வழியில், "இப்போ எங்கே சாயம் போடறாங்க?" என்று சிறுவன் பெட்டியிலிருந்து கத்தினான். கழிவுநீரைச் சவ்வுகளில் வடித்து, மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் பட்டறைக்கே திருப்பி அனுப்பும் முறையை, புல்லட்டின் ஓசைக்கு மேல் குரலை உயர்த்தி, குன்னத்தூர் வரும்வரை மைத்துனர் விளக்கிக்கொண்டே வந்தார்.